பாயிடம் கேட்டு வாங்கிய சைக்கிள்

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறவனுக்கு வைகுண்ட ஏகாதசி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பெருமாள்தான் என்று நான் சொன்னால் அது பாதிப் பொய். தடுப்புக் கட்டைதான் முதலில் வரும். உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் வண்டி விடமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில், பால் வாங்கப் போன என்னை ஸ்கூட்டரோடு திருப்பி அனுப்பினார் ஒரு காவலர். பின்னாலேயே கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த தயிர்க்காரரை மட்டும் உள்ளே விட்டார். ஏன் சார், அவர் மட்டும் போகலாமா என்றேன். “அது சைக்கிள் சார்” என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். பால், காய்கறி, நூலகம், மாலையில் அம்மா மண்டபம். எல்லாமே வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். ஸ்கூட்டர் சூடாவதற்குள் நிறுத்தவேண்டி வருகிற தூரங்கள். எப்போதாவது காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பேருந்து நிலையம் வரை. இதற்கு எதற்குப் பெட்ரோல்? சைக்கிள் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

உடனே வாங்காமல் இரண்டு வாரம் இரவல் ஓட்டிப் பார்த்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். திருவானைக்காவலில் இருக்கும் அக்கா வீட்டில், அக்கா மகனுக்குப் பதினோராம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மிதிவண்டி சுவரில் சாய்ந்து கிடந்தது. “எடுத்துக்குங்க மாமா, சீட்டு மட்டும் கிழிஞ்சிருக்கு” என்றான். நாற்பத்தேழு வயதில் மறுபடி ஏறினேன். முதல் நாள் தொடை வலித்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அப்புறம்தான் எனக்கு என்ன வேண்டும் என்பதே புரிந்தது. பையை வைக்க இடம் வேண்டும். வேட்டியோ பேண்டோ செயினில் மாட்டக் கூடாது. நிறுத்தினால் சுவர் தேடாமல் நிற்க வேண்டும். வேகம் என்று ஒன்று என் பட்டியலில் வரவே இல்லை.

இவ்வளவு தெரிந்தும் கடையில் போய் நின்றபோது எல்லாம் மறந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடை. ஏசி, கண்ணாடிக் கதவு, வரிசையாக மினுங்கும் சைக்கிள்கள். விற்பனைப் பையன் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு பட்ஜெட் சார்?” எங்கே ஓட்டப் போகிறேன் என்று கடைசி வரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 21 கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங், முள் முள்ளாகத் தடித்த டயர். 14,500 ரூபாய். எந்தக் காட்டில் ஓட்டுவதற்கு என்று என்னையே கேட்டிருக்கவேண்டும். அடையவளஞ்சான் வீதியில் காடு ஏது?

அதில் மட்கார்டு இல்லை என்பதை முதல் மழையில் கண்டுபிடித்தேன். முதுகில் சேற்றால் ஒரு நாமம். கேரியர் இல்லை. பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் அது ஆடி ஆடி முன்சக்கரக் கம்பிக்குள் போகப் பார்த்தது. ஒரு முறை ஒரு சுரைக்காய் போயேவிட்டது. சைக்கிள் நிறுத்தத்தில் பக்கத்து வண்டி மேலே சாய்ந்து டிஸ்க் தட்டு லேசாக நெளிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ‘சர்ர்... சர்ர்’ என்று ஒரு சத்தம். தெருவில் நான் வருவது எனக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து, காவிரிப் பாலத்தின் நடுவில் இடது பெடல் கழன்று கையோடு வந்தது. சரியாகச் சொன்னால் காலோடு. தள்ளிக்கொண்டே வந்து எங்கள் தெருமுனை பஞ்சர் கடை பாயிடம் நிறுத்தினேன். அவர் பெடலைக் கையில் வாங்கி மரையைப் பார்த்தார், பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாட்டுனவன் இதை வலது பக்கம் மாதிரி சுத்தியிருக்கான். போகலேன்னதும் ஸ்பேனரை வச்சு அமுக்கிட்டான்.”

இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பெடலின் முனை எஃகு, கிராங்க் அலுமினியம். எஃகைக் கோணலாக வைத்துத் திருகினால் அலுமினியத்தில் இருக்கும் மரைதான் தேயும். ஸ்பேனர் பிடித்த கைக்கு அது தெரியாது, ஓட்டுகிறவனுக்கும் இரண்டு மாதம் தெரியாது. புதிய சைக்கிள் வாங்குகிறவர்கள், முக்கியமாகப் பெட்டியில் வரவழைத்து வீட்டில் பூட்டுகிறவர்கள், இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: முதல் நான்கு சுற்று வெறும் விரலால் போகவேண்டும். விரலுக்கு மசியவில்லை என்றால் எங்கோ தப்பு.

“இந்த கிராங்குக்கு நான் எங்க போவேன் தம்பி? டயரும் பாருங்க, இருபத்தேழரை. என்ட்ட அந்த டியூபே கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அவர் கடை எட்டடிக்கு ஆறடி இருக்கும். கூரைக் கம்பியில் டயர்கள் தொங்கும். அன்று அண்ணாந்து பார்த்தேன். தொங்குவதெல்லாம் இரண்டு மூன்று அளவுதான். இந்தத் தெருவில் எந்த சைக்கிளை வைத்துப் பிழைக்கலாம் என்பது அந்தக் கூரையிலேயே எழுதியிருக்கிறது. 14,500 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் நான் அதைத்தான் பார்த்திருக்கவேண்டும்.

டயர் அளவு விஷயம் கொஞ்சம் குழப்பமானது. அதில் மாட்டிக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன். ‘28 அங்குலம்’ என்று கடையில் சொல்வது ஒரே அளவு கிடையாது. அப்பா காலத்துப் பெரிய சைக்கிளில் இருப்பது 28 பெருக்கல் ஒன்றரை. அதில் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போது ஹைப்ரிட், சிட்டி சைக்கிள் என்று விற்பவற்றில் வரும் 700சி டயரையும் 28 என்றுதான் சொல்கிறார்கள். அதன் ரிம் 622. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. வேடிக்கை என்னவென்றால், மலை சைக்கிளில் ‘29’ என்று பெருமையாகச் சொல்லும் ரிம்மும் அதே 622தான். பழைய மலை சைக்கிளின் 26 என்பது 559, என்னுடைய இருபத்தேழரை 584. இந்த மூன்று இலக்க எண் டயரின் பக்கவாட்டில், அகலத்தோடு சேர்த்து 37-622 என்பது போலப் பொறித்திருக்கும். அங்குலக் கணக்கை மறந்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டு போனால் ஏமாறமாட்டீர்கள். பாய்க்கு இந்த எண்ணெல்லாம் தெரியாது. டயரைக் கையில் எடுத்து ரிம்மின் மேல் வைத்துப் பார்த்தே ஏறும், ஏறாது என்று சொல்லிவிடுவார்.

வால்வும் அப்படித்தான். பழைய சைக்கிளில் இருக்கும் வால்டியூப் வால்வு, உள்ளே ஒரு துண்டு ரப்பர் குழாய், இன்னும் எல்லாப் பஞ்சர் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் அந்த ரப்பர் வெயிலில் காய்ந்து போனால் காற்று மெதுவாக இறங்கும். நமக்குப் பஞ்சர் என்று தோன்றும். பைக்கில் இருக்கும் அதே தடித்த வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கில்கூடக் காற்று பிடிக்கலாம். விலை உயர்ந்த சைக்கிள்களில் மெலிதாக ஊசி போல ஒரு வால்வு வரும். அதற்குத் தனி பம்ப்போ தலைமாற்றியோ வேண்டும். தெரு ஓட்டத்துக்கு அது வேண்டாத தலைவலி.

சரி, முதல் சைக்கிளை என்ன செய்தேன்? பாதி விலைக்கும் கீழே ஒரு கல்லூரிப் பையனிடம் போனது. கிராங்க் மாற்றிய செலவு என்னுடையது. அதன் பிறகு ஆறேழு மாதம் சைக்கிள் பேச்சையே எடுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது ஆசை மறுபடி தலைகாட்டியது. இந்த முறை முதலில் போனது பாய் கடைக்கு. ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கியர் வேண்டுமா என்றேன். “எந்த மலைக்குப் போறீங்க?” என்றார். திருச்சியில் மலைக்கோட்டையைத் தவிர ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? அதன் மேல் சைக்கிளில் போகப்போவதில்லை. மிஞ்சினால் திருவானைக்காவல் ரயில்வே மேம்பாலம். தவிர, அந்த 21 கியர் என்பதில் ஒரு கண்கட்டு உண்டு. முன்னால் 28, 38, 48 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், மலிவு விலையில் அதிகம் காண்பது இதுதான். முன்னால் 28, பின்னால் 14 போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்று. முன்னால் 48, பின்னால் 24 போட்டாலும் அதே இரண்டு சுற்று. இப்படிப் பல கியர்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். செயின் ரொம்பக் கோணலாகப் போகிற சில சேர்க்கைகளைப் போடவே கூடாது. காசு கொடுத்தது 21க்கு, கையில் இருப்பது அதில் பாதி. இருந்த ஐந்து மாதத்தில் நான் பயன்படுத்தியது மூன்று.

இப்போது என்னிடம் இருப்பது கியர் இல்லாதது. முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18. ஒரு மிதிக்குச் சக்கரம் 2.44 சுற்று, சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.17 மீட்டர், ஆக ஒரு மிதிக்கு 5.3 மீட்டர். நிமிஷத்துக்கு ஐம்பது மிதி என்று நிதானமாகப் போனாலே மணிக்கு 16 கிலோமீட்டர். சித்திரை வீதியில் அதற்கு மேல் போனால் மாடு முட்டும். ஏற்காட்டிலோ குன்னூரிலோ இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அங்கே கியர் இல்லாமல் முடியாது. அதற்கும் பின்னால் மட்டும் ஏழு கியர் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

பிரேக் விஷயத்தில்தான் பாய்க்கும் எனக்கும் வாக்குவாதம். அவருக்குப் பழைய கம்பி பிரேக்கின் மேல் ஒரு மரியாதை. நாற்பது வருஷமானாலும் கெடாது என்பார். உண்மைதான். ஆனால் எனக்கு அப்பாவின் அட்லஸ் சைக்கிள் ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் அதன் பாரில் உட்கார்ந்து, மழையில், இறக்கத்தில் வந்திருக்கிறேன். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அப்பா பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வருவார். இரட்டைப் பிரேக் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அலுமினிய ரிம்மில் அந்த வழுக்கல் பெருமளவு குறைவு. அதனால் ரிம் அலுமினியமாக இருக்கவேண்டும், அதன் இரு பக்கத்தையும் கவ்வுகிற பிரேக் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைகளில் இதைப் பவர் பிரேக் என்பார்கள். கட்டை தேய்ந்தால் பத்து நிமிஷத்தில் பாய் மாற்றிவிடுவார், தட்டு நெளியும் தொல்லையும் கிடையாது. மலிவு சைக்கிளில் டிஸ்க் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

அட்லஸ் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1951இல் ஹரியானாவின் சோனிபட்டில் தொடங்கிய கம்பெனி அது. அதன் கடைசித் தொழிற்சாலை, டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் இருந்தது, 2020 ஜூன் 3ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஜூன் 3 உலக மிதிவண்டி நாள். அந்தச் செய்தி வந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவருடைய சைக்கிளை நாங்கள் அதற்குப் பல வருஷம் முன்பே பழைய இரும்புக்குப் போட்டிருந்தோம், அதனால் வருத்தப்பட எனக்குப் பெரிதாக உரிமையில்லை.

ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டாம் என்று சொல்ல யாரும் தேவைப்படவில்லை, ஐந்து மாதம் அதில் ஆடியதே போதும். எழுந்து மிதித்தால் பலத்தில் கொஞ்சம் அதை அமுக்குவதற்கே போகும், கூடவே எடையும் கூடும். வேகத்தடைக்கும் குழிக்கும் கொஞ்சம் அகலமான டயரே பதில். 35 மில்லிமீட்டர் அகலம் எங்கள் தெருவுக்குப் போதும், சாலை ரொம்ப மோசமாக இருந்தால் 40, 45. முள் டயர் வேண்டாம், தார் ரோட்டில் அது ரீங்காரமிட்டுக்கொண்டு இழுக்கும்.

உயரம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், கடைக்காரர்கள் அதிகம் கண்டுகொள்ளாததும் அதுதான். பாய் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, இடுப்பைப் பார்த்து, “பதினெட்டு இன்ச் ஃப்ரேம்” என்றார். ஐந்தடி ஏழங்குலத்துக்கு அது சரியாகவே இருந்தது. பாருக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றால் இடையில் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கிவைத்து ஓட்டுகிறவர்கள்தான் ஒரு மாதத்தில் முட்டி வலி என்று சைக்கிளை ஓரங்கட்டுகிறார்கள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து இறங்கினால் தீர்ந்தது.

இப்படியாக, இரும்பு ஃப்ரேம், கியர் இல்லை, 700சி டயர், அலுமினிய ரிம், முழு மட்கார்டு, செயின் கவர் என்று ஒன்று சின்னக் கடையொன்றில் 9,400 ரூபாய்க்கு அமைந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த லட்சணங்களோடு அம்பத்தூரில் பிறந்த பெயர்களும் கிடைக்கின்றன, லூதியானாவில் பிறந்தவையும் கிடைக்கின்றன. கேரியர், ஸ்டாண்டு, பூட்டு, மணி, பின்னால் சிவப்பு விளக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு 1,600. பழைய பேப்பர் கடைத் தராசில் தூக்கி வைத்தேன், பதினாறரை கிலோ. முதல் சைக்கிள் பதினெட்டு. பேப்பர்காரர் என்ன விலைக்குப் போடுகிறேன் என்று கேட்டார்.

புதியதை அப்படியே ஓட்ட பாய் விடவில்லை. இரண்டு வீல் அச்சையும் கழற்றினார். உள்ளே பால்ரஸ்கள் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. கிரீஸ் வைத்து, கோன் நட்டை ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் பூட்டினார். சக்கரத்தைச் சுழலவிட்டு, கட்டை விரலை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கோட்டம் எடுத்தார். ஒரு மாதத்தில் கம்பிகள் தளரும், மறுபடி கொண்டு வாங்க என்றார். போனேன், தளர்ந்துதான் இருந்தது. இருநூறு ரூபாய் கேட்டார். முந்நூறு கொடுத்ததற்கு நூறைத் திருப்பித் தந்துவிட்டார்.

அழுத்தமானி வைத்த பம்ப் ஒன்றை மட்டும் நானாக வாங்கினேன், 700 ரூபாய். டயரில் எவ்வளவு காற்று என்று பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, என்னுடையதில் 50 முதல் 75 பிஎஸ்ஐ வரை. வாரம் ஒரு முறை 60 பிடிக்கிறேன். சைக்கிள் மிதிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களின் டயரை அமுக்கிப் பார்ப்பது இப்போது என் கெட்ட பழக்கம். பத்தில் எட்டுப் பேருடையது மெத்தென்று இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கல்லணை வரை போய்வந்தேன். இரவல் வாங்க வந்த அக்கா மகன், “என்ன மாமா, கியர்கூட இல்லை” என்று மூஞ்சியைச் சுளித்துவிட்டுப் போனான். அது போகட்டும். இப்போது வீட்டில் அடுத்த பேச்சு ஆரம்பித்திருக்கிறது. மனைவிக்கும் ஒரு சைக்கிள் வேண்டும். கடைக்குப் போனால், கேட்பதற்கு முன்பே பார் இல்லாத, கூடை வைத்த, ரோஸ் நிறத்தைத்தான் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். அவளுக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அந்தக் கூட்டத்தில் என் மாமியாரும் ஒருவர். மணிக்கணக்கு வாடகை சைக்கிளில், பள்ளிக்கூட மைதானத்தில், முட்டி தேய்த்துக் கற்றுக்கொண்டவர். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை உள்ளேயிருந்து கேட்டவர் வெளியே வந்து, “பார் வச்சதே வாங்கு மாப்பிள்ளை. அப்ப லேடீஸ் வண்டி கிடைக்கல, பார் வண்டிதான். அப்புறம் பாத்தா அதுதான் நல்லது, இவளை முன்னால பார்ல உக்கார வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்” என்றார்.

இப்போது பாரில் உட்காரவைக்க எங்களிடம் குழந்தை இல்லை, பையனுக்கே மீசை முளைத்துவிட்டது. ஆனாலும் மனைவி சேலையா சுடிதாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அளவு பார்க்க நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லியிருக்கிறார் பாய்.